அடம்பிடித்து அழும் பிள்ளை: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழும்போது என்ன செய்வது? கைப்பேசியைக் கொடுத்தால் உடனே அடங்கிவிடுகிறான், ஆனால் கொடுத்த பிறகு நம் மனம் உறுத்துகிறது. "கண்டுக்காதே, தொண்டை வலிச்சா தானா நிறுத்துவான்" என்கிறார் மாமியார். கொஞ்ச நேரம் மூலையில் தனியே உட்காரவைத்தால்தான் புத்தி வரும் என்கிறார் கணவர். பக்கத்திலேயே உட்கார்ந்து அவனுடைய மனநிலையைப் புரிந்துகொண்டதாகச் சொல்லுங்கள் என்கிறது நேற்றிரவு பார்த்த காணொளி. ஒரே வீட்டில் ஒரே நாளில் இந்த நான்கும் நடப்பதுண்டு; காலையில் ஒருவர் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு மாலையில் இன்னொருவர் மிட்டாய் கொடுத்து ஈடுகட்டுவார்.

இந்த நான்கையும் ஒரே அளவுகோல்களால் எடைபோட்டுப் பார்க்கலாம். அடிப்பதையும், "பூச்சாண்டிகிட்டப் பிடிச்சுக் கொடுத்துடுவேன்", "டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று பயமுறுத்துவதையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அவற்றால் சத்தம் அடங்குகிறது. உள்ளே இருந்த கோபமோ துக்கமோ அப்படியே இருக்க, அதை நம்மிடம் காட்டும் துணிவு மட்டும் போய்விடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் பெற்றோர் கைவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தருவதைத் தடைசெய்கிறது. ஊசி மிரட்டலில் நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு: அடுத்த தடுப்பூசிக்கு அந்தப் பிள்ளையை மருத்துவமனைப் படியேற்ற வேண்டியவரும் மிரட்டியவரேதான்.

## அழுகையின் போக்கு

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பொட்டேகலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டேவிட்சனும் 18 மாதம் முதல் 60 மாதம் வரையுள்ள பிள்ளைகளின் அடங்களைப் பற்றிப் பெற்றோர் எழுதித் தந்த விவரங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஐந்து நிமிடத்திற்குள் முடிந்துவிட்டவை. சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்க நிற்கும் தாய்க்கு அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகத் தோன்றும் என்பது வேறு.

பின்னர் 2011இல், ஜேம்ஸ் கிரீன் என்பவருடன் சேர்ந்து, பிள்ளைகளின் உடையில் சிறிய ஒலிவாங்கியைப் பொருத்தி அழுகையின் ஒலிகளையே பொட்டேகல் பதிவுசெய்தார். கத்தலும் அலறலும் ஒரு கூட்டமாக வந்தன. அழுகையும் சிணுங்கலும் இன்னொரு கூட்டமாக வந்தன. முன்னது கோபம்; அது விரைவில் உச்சத்துக்கு ஏறி விரைவில் தணிகிறது. பின்னது துக்கம், அது தொடக்கம் முதல் இறுதிவரை அடியோட்டமாக இருந்துகொண்டே இருக்கிறது. கோபம் இறங்கிய பிறகு எஞ்சுவது துக்கம் மட்டுமே என்பதால்தான், சற்றுமுன் நம்மை உதைத்துத் தள்ளிய பிள்ளை அடுத்த நிமிடம் மடிக்கு வருகிறது.

அலறல் உச்சத்தில் இருக்கும்போது எந்த வழியும் பெரிதாக வேலை செய்யாது. அப்போது "ஏன் அழுற? என்ன வேணும்? சொன்னாத்தானே தெரியும்?" என்று கேள்விகளை அடுக்கினால் அலறல் நீளவே செய்யும். வழிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, உச்சம் தணியும் அந்தத் திருப்பத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் தெரியும்.

இன்னொன்று: மாலையில் வரும் அழுகைகளில் பல, வெறும் பசியும் தூக்கமும்தான். அவற்றுக்குச் சோறும் பாயும் போதும். இந்தக் கட்டுரை வேண்டாம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அந்த நேரத்துக்கு அமைதி கிடைக்கிறதா என்பது. இதைக் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. அடுப்பில் குக்கரும் அலைபேசியில் அலுவலக மேலாளரும் இருக்கும்போது அமைதிக்கு ஒரு மதிப்பு உண்டு. இரண்டாவது, அடுத்த முறை இதே கோபம் வரும்போது பிள்ளைக்குக் கைவசம் என்ன இருக்கும் என்பது. மூன்றாவது, துக்கமோ பயமோ வந்தால் நம்மிடம் வரலாம் என்ற நம்பிக்கை வளர்கிறதா, குறைகிறதா என்பது. நான்காவது, வீட்டிலுள்ள எல்லோராலும், களைத்துப்போன நாளிலும், அதைச் செய்ய முடியுமா என்பது.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கிறேன். பெரும்பாலான ஒப்பீடுகளில் இது விடுபட்டுப்போகிறது. அழுகையின் காரணத்தை நாம் தவறாகக் கணித்துவிட்டால், அந்த வழியால் விளையும் சேதம் எவ்வளவு? ஆசைப்பட்டது கிடைக்காமல் அழுகிறானா, பயந்து அழுகிறானா என்று வாசலில் நின்றபடி சரியாகச் சொல்லிவிடும் பெற்றோர் யாரும் இல்லை. என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த அளவுகோல்தான்.

## வழி ஒன்று: பராக்குக் காட்டுதல்

நிலாவையும் காக்கையையும் காட்டிச் சோறூட்டிய காலத்திலிருந்து நம் வீடுகளில் வேரூன்றிய வழி இது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதுவே இயல்பான வழியும்கூட. கவனம் வேறுபக்கம் திரும்பியதும் அந்த வயதில் மனநிலையும் சேர்ந்தே திரும்பிவிடும். ஊசி போடும்போதும் இரத்தம் எடுக்கும்போதும் கவனத்தைத் திருப்பினால் குழந்தை உணரும் வலி குறைகிறது என்பது ஆய்வுகளால் நன்கு உறுதிப்பட்டது. நெரிசலான பேருந்திலும், மருத்துவமனை வரிசையிலும், உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியிலும் பராக்குக் காட்டுவதில் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

சிக்கல் கைப்பேசியில் தொடங்குகிறது. காக்கை பறந்துபோனால் கதை முடிந்தது. கைப்பேசியைத் திரும்ப வாங்கும்போதோ அதுவே அடுத்த அழுகைக்குக் காரணமாகிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெனி ராடெஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 3 முதல் 5 வயதுவரையுள்ள 422 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையை அமைதிப்படுத்த அடிக்கடி திரையைக் கொடுப்பதற்கும் பின்னர் அந்தப் பிள்ளையின் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடுவதற்கும் தொடர்பு காணப்பட்டது. ஆண் பிள்ளைகளிடமும், முன்பே படபடப்பான சுபாவமுள்ளவர்களிடமும் அந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. கைப்பேசிதான் காரணம் என்று இதிலிருந்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் அதிகம் அழும் பிள்ளைக்குத்தான் அதிகம் கொடுக்கிறோம். ஒன்றையொன்று வளர்க்கும் சுற்று என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல். அழுகைக்கெல்லாம் மருந்தாகக் கைப்பேசியைக் கொடுக்கும் வீட்டில் இந்த ஒரு மணி நேரம் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். இந்த வழியின் மறைமுகச் செலவு வேறொன்று: கோபம் ஏறி, தானாக இறங்கி, ஒன்றும் ஆகிவிடவில்லை என்று உணரும் பயிற்சி பிள்ளைக்குக் கிடைப்பதே இல்லை.

## வழி இரண்டு: கண்டுகொள்ளாமல் இருத்தல்

பெட்டிக்கடை வாசலில் பிள்ளை ஒரு மிட்டாய்க்காக நிலத்தில் அமர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இந்த வழிக்கு நிகர் இல்லை. அழுதால் கிடைக்கும் என்பது பொய்த்துப்போனால் அழுகை மெல்லக் குறையும் என்பது நடத்தை உளவியலின் பழைய, உறுதியான முடிவு.

அதே உளவியல் சொல்லும் இரண்டு எச்சரிக்கைகளை இந்த வழியைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில்லை. கண்டுகொள்ளாமல் இருக்கத் தொடங்கும்போது அழுகை முதலில் கூடிய பிறகே குறையும். எனவே முதல் சில நாட்கள் தோல்வியைப் போலவே தோன்றும். அடுத்தது, பத்தாவது நிமிடத்தில் மனமிரங்கிக் கொடுத்துவிட்டால், பத்து நிமிடம் அழ வேண்டும் என்பதையே பிள்ளை கற்கிறது. எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிடக் கடினமாக ஒட்டிக்கொள்ளும். தாத்தா கடைக்குப் போய் வாங்கிவந்து சட்டைப் பையில் வைத்திருக்கும் வீட்டில் இந்த வழி நடக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டாரின் அழைப்பு மணியும் எதிரிதான்.

இதைச் சரியாகச் செய்வதென்றால், அழுகையைத்தான் பொருட்படுத்தக் கூடாது; பிள்ளையை அல்ல. முகத்தைச் சுளிக்காமல், அதே அறையில், நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து, அழுகை தணிந்த அந்தக் கணமே திரும்பிப் பேச வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுவல்ல. பிள்ளை அடங்கிய பிறகும் "உன்கூடப் பேச மாட்டேன்" என்று இரவுவரை நீளும் மௌனம். அது தண்டனை, அதுவும் பிள்ளைக்குக் காரணம் புரியாத தண்டனை.

காரணத்தைத் தவறாகக் கணித்தால் இந்த வழிதான் அதிகம் காயப்படுத்தும். பள்ளியில் யாரோ மிரட்டியதை வீட்டில் செருப்புக்காக அழுவதாகக் காட்டும் பிள்ளை உண்டு. தம்பி பிறந்த வீட்டில் பால் தம்ளரின் நிறத்துக்காக அழும் அக்காவும் உண்டு. அவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால், செருப்பையும் தம்ளரையும் மட்டுமல்ல, உள்ளே இருந்ததையும் சேர்த்து விட்டுவிடுகிறோம்.

## வழி மூன்று: தனியே உட்காரவைத்தல்

'டைம் அவுட்' என்ற பெயரில் நகர்ப்புற வீடுகளுக்கு வந்த வழி. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்டாட்ஸ் தம் பிள்ளைகளிடம் கையாண்டு வளர்த்தெடுத்த முறை இது. இனிமையான சூழலிலிருந்து பிள்ளையைக் கொஞ்ச நேரம் விலக்கி வைப்பதுதான் இதன் உட்கருத்து. அப்படியானால், விலகி வர ஓர் இனிமையான சூழல் முதலில் இருந்தாக வேண்டும். நாள் முழுவதும் அதட்டலே கேட்கும் வீட்டில் மூலைக்கு அனுப்புவது பிள்ளைக்கு ஓய்வாகத்தான் இருக்கும்.

இது பொருந்தும் வேளை குறுகியது, ஆனால் உண்மையானது: மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, தெரிந்தே அடிப்பதோ கடிப்பதோ பொருளை எறிவதோ செய்யும்போது. முன்கூட்டியே சொல்லிவைத்த விதியாக இருக்க வேண்டும். வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் முடிய வேண்டும். முடிந்ததும் பிரசங்கம் கூடாது. அடி வாங்கிய தங்கைக்கும் அந்த மூன்று நிமிடத்தில் பாதுகாப்பு கிடைக்கிறது என்பது, வேறு எந்த வழிக்கும் இல்லாத தனி நன்மை.

இருட்டறையில் பூட்டுவதும் குளியலறைக் கதவைச் சாத்துவதும் இதன் கடுமையான வடிவங்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அவை வேறு வகையைச் சேர்ந்தவை. முன்பே விலக்கிவைத்த பயமுறுத்தலில்தான் அடங்கும். சிறிய தொல்லைகளும் இருக்கின்றன: ஓர் அறை வீட்டில் தனியே என்பதற்கு இடமில்லை, பாட்டி போய்த் தூக்கிக்கொள்வார், களைத்த நாளில் மூன்று நிமிடம் முப்பதாகும். துக்கத்தால் அழும் பிள்ளையை மூலைக்கு அனுப்பினால், அழுகை வந்தால் ஆள் இல்லாமல் போவார்கள் என்பதே அது கற்கும் பாடம்.

## வழி நான்கு: கூடவே இருந்து சொல்லாக்குதல்

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 1990களில் பெற்றோர், பிள்ளைகளின் உணர்ச்சிகளை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து விரிவாக விளக்கிய முறை இது. உணர்ச்சியைக் கவனித்து, அதைத் தவறாகக் கருதாமல் ஏற்று, அதற்கு ஒரு சொல் கொடுத்து, நடத்தைக்கு மட்டும் எல்லை வகுப்பது. நம் வீட்டு மொழியில் சொன்னால், "பொம்மை உடைஞ்சதுல கோவம் வந்திடுச்சா? கோவப்படலாம்டா, அடிக்கக் கூடாது." இதில் பாதியைப் பெயர் தெரியாமலே செய்துவந்தவர்கள், மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் நம் பாட்டிமார்கள். விடுபட்டது சொல் மட்டும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர்கள் தட்டிக்கொடுக்கும்போது பிள்ளைக்குள் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

சொல் கொடுப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 2007இல் கலிபோர்னியாவில் பெரியவர்களிடம் நடத்திய மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், முகங்களில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது, அச்சத்தோடும் ஆபத்துணர்வோடும் தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் துடிப்பு தணிவது தெரிந்தது. பெரியவர்களின் முடிவைச் சிறு பிள்ளைகளுக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது என்றாலும், கோபம், பயம், ஏக்கம், பொறாமை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை கையை ஓங்குவதற்குப் பதில் வாயைத் திறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதை எந்த மழலையர் பள்ளி ஆசிரியையும் சொல்வார்.

"அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டாமா?" என்பது பலரின் அச்சம். தேவையில்லை. மிட்டாய் இல்லை என்பது இல்லையாகவே இருக்கும். அந்த ஏமாற்றத்தில் மட்டும் நாம் உடனிருக்கிறோம். இந்த வேறுபாட்டைப் பிடிக்காமல் விட்டால், கூடவே இருத்தல் என்பது கெஞ்சலாக மாறிவிடும். கெஞ்சும் பெற்றோரைப் பிள்ளை மிக விரைவில் அடையாளம் கண்டுகொள்ளும்.

மறைமுகச் செலவு, பெரியவரின் நிதானம். இது நான்கிலும் விலை கூடியது. இரவுப் பணி முடிந்து வந்த தாயிடமும், கடன் தவணைக் கவலையில் இருக்கும் தந்தையிடமும், நாள்தோறும் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். இன்னொரு தவறு, அலறலின் உச்சத்திலேயே பேசத் தொடங்குவது. பொட்டேகலின் பதிவுகள் காட்டியபடி, சொல்லுக்கான வேளை அலறல் தேம்பலாக மாறிய பிறகே. அதுவரை அருகில், வாய்மூடி, அவ்வளவுதான்.

நிதானம் தவறிக் கத்திவிட்டால் எல்லாம் பாழ் என்று எண்ணுவோருக்கு, அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக்கின் ஆய்வுகள் ஆறுதல் தரும். தாயின் முகம் சலனமற்றுப் போனால் கைக்குழந்தை எப்படித் தவிக்கிறது என்பதை 1970களில் காட்டியவர் அவர். தாயும் சேயும் ஒத்திசையாத தருணங்கள் நலமான உறவிலும் ஏராளம் என்பதையும், அவற்றைச் சரிசெய்துகொள்வதே உறவை வளர்க்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். "அம்மா கத்திட்டேன், அது தப்பு" என்று திரும்பி வந்து சொல்லும் வீட்டில், மன்னிப்புக் கேட்பதையும் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

## பக்கம் பக்கமாக

| | பராக்கு | கண்டுகொள்ளாமை | தனியே உட்காரவைத்தல் | கூடவே இருத்தல் |
|---|---|---|---|---|
| உடனடி அமைதி | மிக விரைவு | முதலில் கூடி, பின் குறையும் | நடுத்தரம் | மெதுவாக |
| பிள்ளை கற்பது | கவனத்தை மாற்ற | அழுது கேட்டால் கிடைக்காது என்று | அடித்தால் ஆட்டம் நிற்கும் என்று | உணர்ச்சியைச் சொல்ல, எல்லையை ஏற்க |
| நம்மிடம் வரும் நம்பிக்கை | பெரிதாக மாறாது | தவறான வேளையில் குறையும் | துக்க வேளையில் குறையும் | வளரும் |
| வீட்டாரின் ஒத்துழைப்பு | எளிது | ஒருவர் இளகினாலும் கெடும் | கடினம் | ஒருவர் செய்தாலும் பயன் உண்டு |
| காரணம் தவறிப்போனால் | சிறு இழப்பு. கைப்பேசியானால் கூடும் | பெரிய இழப்பு | பெரிய இழப்பு | நேர இழப்பு மட்டும் |
| சிறந்த வேளை | 2 வயதுக்குள். வலி, காத்திருப்பு | பொருள் கேட்டு அடம் | 3 வயதுக்கு மேல் அடித்தல், கடித்தல் | துக்கம், பயம், காரணம் தெரியாத அழுகை |

கடைசிக்கு முந்தைய வரிசைதான் என் தேர்வுக்குக் காரணம். மிட்டாய்க்காக அழுபவனின் பக்கத்தில், மிட்டாய் கொடுக்காமல், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டால் நமக்குப் போவது பத்து நிமிடம். பயந்து அழுபவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் போவதை மீட்க நாட்கள் ஆகும். எனவே காரணம் புரியாதபோதெல்லாம் நான்காவது வழியை இயல்பான வழியாக வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் அட்டவணையின் கடைசி வரிசை சொல்லும் வேளைகளுக்கு மட்டும் எடுப்பது நல்லது. நான்காவதற்குத் தெம்பில்லாத நாளில், வீட்டில் தெம்புள்ள இன்னொருவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பதும் ஒரு வழிதான். அப்படி யாரும் இல்லையென்றால், கத்துவதைவிடக் காக்கையைக் காட்டுவது மேல்.

வீட்டுப் பெரியவர்களிடம் நான்கையும் விளக்கி ஒப்புதல் வாங்க முயல வேண்டாம். அழுது கேட்ட பொருளை அன்றைக்கு யாரும் வாங்கித் தருவதில்லை, யாரும் பயமுறுத்துவதில்லை, "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று யாரும் கேட்பதில்லை என்ற இவை மட்டும் உறுதியானால் போதும். மற்றபடி தாத்தா தம் வழியிலும் அத்தை தம் வழியிலும் சமாதானம் செய்யட்டும். ஆளுக்கேற்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரே ஆள் இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றும் செய்வதுதான் அவர்களைக் குழப்பும்.

## எந்த வழியும் போதாதபோது

அழுதழுது மூச்சடைத்து உடல் நீலம் பாய்ந்தால், அது பெரும்பாலும் தானே சரியாகும் என்றாலும், குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அடம் ஒவ்வொரு முறையும் 25 நிமிடத்துக்கு மேல் நீள்வது, தலையைச் சுவரில் மோதித் தன்னையே காயப்படுத்திக்கொள்வது, பேசிய சொற்களை இழப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது ஆகியவை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. வளர்ச்சி தொடர்பான ஐயம் இருந்தால், தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். பிள்ளையைக் குறித்தோ தம் சொந்தக் களைப்பைக் குறித்தோ பேச விரும்பும் பெற்றோர், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அழுகைக்குச் சற்றுமுன் நடந்தது என்ன, எத்தனை நிமிடம் நீடித்தது, எப்படி முடிந்தது என்பதை ஒரு வாரம் குறித்துவைத்த தாளை எடுத்துச் செல்லுங்கள். பதினைந்து நிமிடச் சந்திப்பில் நினைவிலிருந்து சொல்வதைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் பயன்படும்.